மணப்பாட்டில் நான் அத்தானிடம் சொன்னது

என் உயிரில் பாதியான அத்தானுக்கு,

இதையெல்லாம் நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன். நீங்கள்தான் சாட்சி. இப்போது சாட்சியே இல்லாமல் போய்விட்டதால் இந்த ஊரில் ஒருத்தரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

போன வாரம் உங்கள் மகள் கோமதி அவள் போனில் ஒரு படம் காட்டினாள். கடற்கரையில் ஒரு வேன். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கிறது. வெளியே ஒரு குடும்பம் மீன் சுட்டுக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் தள்ளி ஒருத்தன் படகுப் பாய் கட்டிய பலகையின் மேல் நின்றுகொண்டு தண்ணீரில் வழுக்கிப் போகிறான். "மாமா, இப்ப இதுக்கெல்லாம் முன்கூட்டியே சொல்லி வைக்கணுமாம், அவ்வளவு கூட்டமாம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருநாள் உலகமே இப்படி அலையும் என்று எண்பதாம் வருஷம் வாக்கிலேயே நான் சொன்னேனா இல்லையா? நீங்கள் வெற்றிலையை மென்றுகொண்டு, "சொன்னா சரிதான் மாப்ளே" என்றீர்கள்.

வருகிற புதன்கிழமை உங்களுக்கு வருஷத் திதி. கோமதி ஒரு நினைவு மலர் போடுகிறாள். எல்லோரும் ஆளுக்கு ரெண்டு பக்கம் எழுதித் தரவேண்டுமாம். என்னிடம் மட்டும், "மாமா, கூட்டிக் கீட்டி எழுதிராதீங்க" என்றாள். நான் எப்போது கூட்டிச் சொன்னேன் என்று கேட்டேன். உங்கள் மகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கும்பிட்டுவிட்டு வந்தவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்குக் கண் ஆபரேஷன் ஆன பிறகு எழுத்து தெரியவில்லை. அதனால் அச்சுக்குப் போவதற்கு முன்னால் கோமதி எல்லாவற்றையும் அவளுக்கு வாசித்துக் காட்டுவாள். இதையும் வாசிப்பாள். அதை நினைத்தால்தான் பேனா கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது.

அந்த நாயிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நீங்கள் நம் ஊர் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தீர்கள். ஒரு தை மாசம், டாக்டர் லீவில் போயிருந்த நேரம், ஒரு ஜெர்மனிக்காரரும் அவர் பெண்சாதியும் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். குற்றாலம் வழியாகக் கேரளாவுக்குப் போகிறவர்கள். கையில் சோர்ந்துபோன ஒரு நாய். உண்ணிக் காய்ச்சல். நீங்கள் பன்னிரண்டு நாள் அந்த நாய்க்கு ஊசி போட்டீர்கள், கஞ்சி ஊற்றினீர்கள். அவர்கள் ஆஸ்பத்திரி வளாகத்தில் வேப்ப மரத்தடியிலேயே வேனைப் போட்டு, சமைத்து, சாப்பிட்டு, தூங்கினார்கள். நம் சனம் மாட்டைக் கூட்டிக்கொண்டு வருகிற சாக்கில் வேனைப் பார்க்க வந்தது. நோயே இல்லாத மாடெல்லாம் அந்தப் பன்னிரண்டு நாளில் வந்து போனது.

அவர் பேர் நம் வாயில் நுழையவில்லை. பீட்டர் என்று வைத்துக்கொண்டோம். அவர் வேன் கூரையில் ஆள் நீளத்துக்கு ஒன்றரைப் பங்காக ஒரு பலகை கிடந்தது. அது என்ன என்று நான் கேட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டதால் அவர் எங்களை வாசுதேவநல்லூர்க் குளத்துக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மழை பெய்து குளம் நிரம்பிக் கிடந்தது. பலகையில் ஒரு கழியை நட்டு, பாயை விரித்து, குறுக்குக் கம்பைப் பிடித்து நின்றார். அவ்வளவுதான், கொக்கு மாதிரிப் போய்விட்டார். எருமை மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் எருமையை மறந்துவிட்டு நின்றார்கள்.

உங்களுக்கு அதைக் கற்றுக்கொள்ள நாலு நாள் ஆனது. எனக்கு அரை மணி நேரம். சரி, கோமதி வாசிக்கிறாள், உண்மையைச் சொல்லுகிறேன்: நான் பலகையில் நின்றது ஒரு எருமை தும்முகிற நேரம்தான். அதற்குள் தண்ணீரில் கிடந்தேன். ஆனால் நின்றேன்.

நாய் எழுந்து வாலாட்டியது. போகிற அன்றைக்குப் பீட்டர் பலகையை இறக்கி உங்கள் கையில் கொடுத்துவிட்டார். மலைப்பாதையில் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்றார். எனக்கென்னவோ அவர் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார் என்று தோன்றியது. நாலாவது நாள் குளத்தின் நடுவில் நீங்கள் நின்ற நிற்பு அப்படி. அதுவரை நீங்கள் சிரித்து நான் பார்த்ததே இல்லை, அத்தான். அக்கா கல்யாணப் போட்டோவில்கூட நீங்கள் மருந்துச் சீட்டு வாசிக்கிற முகத்தோடுதான் நிற்கிறீர்கள்.

கோடை வந்தது, குளம் வற்றியது. பலகை வீட்டில் சும்மா கிடந்தது. அப்போது யோசனை சொன்னது யார்? நான். என்னிடம் பூக்கூடை ஏற்றுகிற பழைய வேன் ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் ஏதோ ஆஸ்பத்திரிக்கு ஓடின வண்டி, உள்ளே நோயாளி படுக்கிற பெஞ்சு அப்படியே இருந்தது. அதில் மெத்தையைப் போட்டேன். ஜன்னலுக்கு அக்காவின் பழைய சேலையைத் தொங்கவிட்டேன். தென்னிந்தியாவிலேயே முதல் வீட்டுவண்டி அதுதான் என்று நான் சொன்னால் இப்போதும் யாராலும் மறுக்க முடியாது. வைகாசிக் கடைசியில் பத்து நாள் நீங்கள் லீவு போட்டீர்கள். நீங்கள், நான், அக்கா, நாலு வயசுக் கோமதி. கூரையில் பலகை. திருநெல்வேலி, திருச்செந்தூர் தாண்டி மணப்பாடு. வண்டிக்குள் பிச்சிப்பூ வாசனை போகவே இல்லை. வாசனைக்குள் படுத்து, வாசனைக்குள் எழுந்தோம்.

அந்த முதல் வருஷம் நான் செய்த காரியம் நினைவிருக்கிறதா? வண்டி நன்றாக ஓடவேண்டும் என்றால் சக்கர அச்சுக்கு எண்ணெய் மை போடுகிற ஊர்க்காரன் நான். பலகையும் நன்றாக ஓடட்டும் என்று, நீங்கள் தூங்குகிற நேரம் பார்த்து, விளக்கெண்ணெயை மேலும் கீழும் தடவி வைத்துவிட்டேன். நீங்கள் ஏறினீர்கள், வழுக்கினீர்கள். ஏறினீர்கள், வழுக்கினீர்கள். பத்துத் தடவை இருக்கும். கரையில் அக்கா, "என்ன ஆச்சு, குளத்துல நல்லாத்தான நின்னீய?" என்று கேட்டாள். நீங்கள் உள்ளங்கையை மோந்து பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். "அலை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு மணலை அள்ளிப் பலகையைத் தேய்க்க ஆரம்பித்தீர்கள். அப்போதே எனக்கு உங்களைப் புரிந்திருக்கவேண்டும்.

சமையல் என் இலாகா. ஸ்டவ் காற்றில் நிற்காது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. வேனின் பின்கதவைத் திறந்து மறைப்பாக வைத்து, மூன்று கல் கூட்டினேன். தோசைக்கல்லை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தோம். சக்கரத்து மூடியைக் கழற்றிச் சாம்பல் போட்டுத் தேய்த்து அடுப்பில் வைத்தேன். முதல் ரெண்டு தோசை கிரீஸ் மணத்தது, மூன்றாவது அமிர்தம். வரும் வழியில் முட்டையைத் துண்டில் சுற்றி இன்ஜின் பக்கத்தில் கட்டிவைப்பேன். திருச்செந்தூர் கோபுரம் தெரியும்போது வெந்திருக்கும். ஒருமுறை பாளையங்கோட்டையிலேயே வெந்து குஞ்சு பொரித்துவிட்டது என்று நான் சொல்வதுண்டு. அது கொஞ்சம் கூடுதல்.

நாம் கருவாடு தின்கிற ஊர்க்காரர்கள். பச்சை மீனைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் தலை என்றே தெரியாது. சூசை அண்ணாச்சிதான் சொல்லிக் கொடுத்தார். கட்டுமரத்துக்காரர், நாம் வேன் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வலை உலர்த்துகிறவர். புளி இல்லாத அன்றைக்கு நான் மாங்காயை நறுக்கிப் போட்டேன். உப்புக்குப் பதில் கடல்தண்ணீர், கால் பங்கு. மீனைப் பனையோலையில் பொதிந்து அடுப்புக்குக் கீழே சுடுமணலில் புதைத்தேன். நீங்கள் நனைந்த வேட்டியோடு வந்து உட்கார்ந்து, முள்ளை மட்டும் மிச்சம் வைத்தீர்கள். என் ஆயுளில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான். அதைக் கூட்டிச் சொல்ல எனக்கே தெரியவில்லை.

இப்படி மூன்று கோடை. மூன்றாவது கோடையில்தான் அது நடந்தது.

எல்லோருக்கும் தெரிந்த கதைதான். கல்யாண வீடு, கறிச்சோறு வீடு, கார் பயணம் என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். என்றாலும் மலரில் வரவேண்டும் அல்லவா.

நாலு நாளாகக் காற்றே இல்லை. பாய் ஈரத்துணி மாதிரித் தொங்கியது. ஐந்தாம் நாள் மதியத்துக்கு முன்னால் பனைமரங்கள் சலசலத்தன. மேல்காற்று. நம் ஊரில் அது வந்தால் சாரல் வருகிறது என்று அர்த்தம், உடம்பு குளிர்கிறது என்று அர்த்தம். வேனில் கிடந்த பிச்சி வாசனையோடு குற்றாலத்து ஈரமும் சேர்ந்து வந்ததுபோல இருந்தது. அக்கா கோமதியைக் கூட்டிக்கொண்டு நல்ல தண்ணீர் எடுக்க ஊருக்குள் போயிருந்தாள். அங்கே இருந்தது நீங்களும் நானும் மீன் சட்டியும்தான்.

நீங்கள் பலகையை இறக்கினீர்கள். நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து உங்கள் கையைப் பிடித்தேன். "அத்தான், வேண்டாம். இது கடலுக்குள்ள கொண்டுபோற காத்து" என்றேன். நீங்கள் கேட்கவில்லை. இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

குளத்தில் நின்று பழகினவர்கள் நாம். குளத்தில் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஒரு கரை வரும். போய் ஒதுங்கி, பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்து வந்துவிடலாம். கடலுக்கு எதிர்க்கரை இல்லை என்பது எவ்வளவு சின்ன விஷயம். ஆனால் அது நம் மண்டையில் ஏறியிருக்கவில்லை. நீங்கள் போனீர்கள். அழகாகப் போனீர்கள், அத்தான். வேட்டியைத் தார் பாய்ச்சிக் கட்டி, முதுகைப் பின்னால் சாய்த்து, அப்படி ஒரு வேகம். நான் கை தட்டினேன். பிறகு பாய் ஒரு உள்ளங்கை அளவு ஆனது. பிறகு ஒரு விரல் நகம். திருப்ப முயற்சி செய்தீர்கள் போல, சாய்ந்தது. மறுபடி எழுந்தது. மறுபடி சாய்ந்தது. அப்புறம் எழவில்லை.

நான் தண்ணீரில் குதித்து அரை மைல் நீந்தினேன் என்று சொல்வேன். இடுப்பளவுக்குத்தான் போனேன். எனக்கு நீச்சல் தெரியாது. சூசை அண்ணாச்சியின் வீட்டுக்கு ஓடினேன், அது மட்டும் உண்மை, செருப்பில்லாமல் சுடுமணலில் ஓடினேன். அவர் கடலைப் பார்த்தார், பனையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கச்சான் வீசுத நேரத்துலயா பலகைய எறக்குவாவ? அது கொண்டுபோவும், கொண்டாராது" என்றார். மேல்காற்றுக்கு அவர்கள் வைத்த பேர் கச்சான். அவரும் அவர் தம்பியும் கட்டுமரத்தைக் கடலுக்குள் தள்ளினார்கள்.

அக்கா தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். கடலைப் பார்த்தாள். குடத்தை இறக்கவே இல்லை. இடுப்பில் குடத்தோடு அப்படியே நின்றாள். சட்டியில் மீன் கரிந்துகொண்டிருந்தது. யாரும் போய் இறக்கவில்லை. சூரியன் நம் பின்னால், பனைகளுக்கு நடுவில் இறங்கும்வரைக்கும் அவள் அப்படித்தான் நின்றாள்.

உங்களைக் கொண்டுவந்தார்கள். உதடு வெடித்து உப்புப் பூத்திருந்தது. பலகையைப் பிடித்த விரல்களைச் சூசை அண்ணாச்சி ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். அக்கா அப்போதுதான் குடத்தை இறக்கினாள். அழவில்லை.

"யாரு சொல்லி போனீய?" என்று கேட்டாள்.

நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். "நான் வேண்டாம்னுதான்க்கா சொன்னேன்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். விளக்கெண்ணெய்க் கையை மோந்து பார்த்துவிட்டுப் பார்த்தீர்களே, அதே பார்வை. "ஆமா, சொன்னான். நான்தான் கேக்கல" என்றீர்கள். கொஞ்சம் பொறுத்து, "மீனு கரிஞ்சு போச்சோ, மாப்ளே?" என்று கேட்டீர்கள்.

அக்கா கோமதியை இழுத்துவந்து உங்கள் முன்னால் நிறுத்தினாள். பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். இனிமேல் கடலில் கால் வைப்பதில்லை. நீங்கள் வைத்தீர்களா? உங்கள் அப்பாவின் திதிக்கு ராமேஸ்வரம் போனபோது எல்லோரும் கடலில் முங்கினோம். நீங்கள் மட்டும் கரையில் நின்று, வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லித் தலையில் ஊற்றிக்கொண்டீர்கள். பலகை சூசை அண்ணாச்சி வீட்டில் நெத்திலி காயப்போடும் பலகை ஆனது. பாயை மட்டும் நீங்கள் மடித்து எடுத்துவந்து பரணில் போட்டீர்கள். நான் வேனைப் பழையபடி பூக்கூடைக்கே விட்டுவிட்டேன்.

அன்றையிலிருந்து நான் பெரிய ஆள் ஆகிவிட்டேன். அதுவரை அக்காவுக்கு நான் வாயாடித் தம்பி. அதற்கப்புறம் முன்கூட்டியே சொல்லுகிறவன். நிலம் வாங்குவதா, என்னிடம் கேள். கோமதியை என்ன படிக்கவைப்பது, என்னிடம் கேள். நீங்கள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் அக்கா, "மணப்பாட்டுல அவன் பேச்சக் கேக்காம பட்டது போதாதா?" என்பாள். நீங்கள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வீர்கள்.

தூத்துக்குடிக்கு உங்களுக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்ததே, அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு ரெண்டு நாள் நடந்தீர்கள். கடலில் இறங்கமுடியாது, சரி; பார்த்துக்கொண்டாவது இருக்கலாம் என்று நினைத்தீர்களோ? அக்கா என்னைக் கேட்டாள். உப்புக்காற்று உடம்புக்கு ஆகாது என்று நான் சொன்னேன். ஏன் சொன்னேன்? கேட்டார்கள், சொன்னேன், அவ்வளவுதான். சொல்லுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நீங்கள் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தீர்கள். கம்பவுண்டராகவே ஓய்வு பெற்றீர்கள்.

ஒன்று சொல்லவேண்டும். ஒவ்வொரு வருஷமும் மேல்காற்று எழும்புகிற முதல் நாள் நீங்கள் மொட்டைமாடிக்குப் போவீர்கள். கொடியில் காய்கிற போர்வையை எடுக்கிறேன் என்று போவீர்கள். ஒருநாள் நான் படியில் நின்று பார்த்தேன். போர்வையின் ரெண்டு முனையையும் பிடித்து, முழங்காலை மடக்கி, முதுகைப் பின்னால் சாய்த்து நின்றுகொண்டிருந்தீர்கள். போர்வை உப்பி நின்றது. நான் சத்தம் காட்டாமல் இறங்கி வந்துவிட்டேன். அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நானா சொல்லாமல் இருந்தேன் என்று கோமதி நம்பமாட்டாள்.

உங்கள் சாம்பலைக் கடலில் கரைக்கக் கோமதி ஆசைப்பட்டாள். கொடுத்த சத்தியம் கொடுத்ததுதான், அவர் கடலுக்குப் போகக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். பாபநாசத்தில் ஆற்றில் கரைத்தோம். ஆறு எங்கே போகும் என்று அவளிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது சங்கதி என்னவென்றால், திதிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பரணிலிருந்து பாய் இறங்கியிருக்கிறது. ஒரு ஓரம் எலி கடித்திருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறது. விரித்தால் கூடம் முழுக்க வருகிறது. கோமதி அதைத் தைத்து வைத்திருக்கிறாள். திதி முடிந்த மறுநாள் ஒரு வேனில் எல்லோரும் மணப்பாட்டுக்குப் போகலாம், அங்கேயே சமைத்துச் சாப்பிடலாம், பாயை ஒருதரம் கடல்காற்றில் விரித்துவிட்டு வரலாம், அம்மாவும் வரட்டும் என்கிறாள். அக்காவுக்கு வந்ததே கோபம். "சொன்ன பேச்சு கேக்காத மனுசனோட சாமான் அது. அடுப்புல போடு" என்றாள். உங்கள் மகள் முகம் செத்துப்போனது. அப்புறம் அக்கா என் பக்கம் திரும்பி, "ஏலே, நீ சொல்லு. நீ என்ன சொல்லுதியோ அதுபடி செய்வோம்" என்றாள்.

ரெண்டு பேரும் என்னையே பார்த்தார்கள், அத்தான். ஆயுசில் முதல் தடவையாக யோசனையை நான் வாயால் சொல்லவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த எழுத்துதான் இது.

கோமதி, இங்கே நிறுத்திக்கொள், தாயி. தாளை மாமாவிடம் கொடு. மிச்சத்தை அக்காவுக்கு நான் வாசிக்கிறேன்.

அக்கா, அன்றைக்கு நான் அவர் கையைப் பிடிக்கவில்லை. அடுப்பை விட்டே எழுந்திருக்கவில்லை. அத்தான் பலகையைத் தண்ணீர் ஓரத்தில் வைத்துவிட்டு, கடலையும் பார்த்து, பனையையும் பார்த்து, யோசித்துக்கொண்டுதான் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, "மாப்ளே, காத்து எப்படி? போலாமாவே?" என்று கேட்டார். நான் மீனைக் கிண்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னேன். "இது நம்ம ஊர்க் காத்துதான அத்தான். தெம்பாப் போங்க. அதுவே திரும்பக் கொண்டாந்து விட்டுரும்." அவர் சொன்ன பேச்சைக் கேட்டார், அக்கா. அன்றைக்கும் கேட்டார், தூத்துக்குடி உத்தரவுக்கும் கேட்டார். கேட்காதவர் என்ற பேரை மட்டும் எனக்காகச் சுமந்துகொண்டு போனார்.

அத்தான், இனி உங்களுக்கு ஒரு வாக்கு. அக்கா என்னை வீட்டை விட்டு இறக்கினாலும் சரி, அந்தப் பாய் மணப்பாட்டுக்கு வரும். மூன்று கல் கூட்டி மாங்காய் போட்டு மீன் வைப்பேன், கரியாமல் இறக்குவேன். காற்று எப்படி என்று யாராவது என்னிடம் கேட்டால், சூசை அண்ணாச்சி மகனைக் கையைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பேன்.

இப்படிக்கு,
வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லாத
உங்கள் மச்சினன்
சங்கரலிங்கம்